முதல் தடவை போட்டியில் இறங்குகிறேன், குமித்தே (எதிராளியோடு நேரடிச் சண்டை). என்ன செய்ய, என்ன செய்யக்கூடாது?

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். 36 வயது, கராத்தே, பச்சை பெல்ட். போன வாரம் கிளாஸ் முடிந்து கிளம்பும்போது மாஸ்டர் "உன் பேரையும் கொடுத்துட்டேன்" என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்கள் சீனியர் (வயதுவந்தோர் பிரிவு), டபிள்யூ.கே.எஃப் (உலக கராத்தே கூட்டமைப்பு) விதிமுறை. கட்டா (தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை) என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். குமித்தே. இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

என் பிரச்சினை இதுதான்: கிளாஸில் ஸ்பாரிங் செய்யும்போது எதிரில் இருப்பவர் நிதானமாக ஆடினால் நானும் நன்றாக ஆடுவேன். அவர் கொஞ்சம் அழுத்தி உள்ளே வர ஆரம்பித்தால் கை கால் அப்படியே நின்றுவிடும், பின்னால் போய்க்கொண்டே இருப்பேன். கிளாஸிலேயே இப்படி என்றால் முன்பின் தெரியாத ஒருத்தியோடு என்ன ஆகும்?

இன்னொன்று, எடை. இப்போது 63 கிலோ. 61க்குக் கீழ் ஒரு பிரிவு, 68க்குக் கீழ் அடுத்தது. இரண்டு கிலோ இறக்கிவிட்டால் என் அளவு ஆட்கள் கிடைப்பார்கள் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

கியாகுஸுகி:

முதலில் விதியைப் படியுங்கள். படிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் சொல்கிறேன். குத்துக்கு 1 (யூகோ), உடம்பில் உதைத்தால் 2 (வஸா-ஆரி), தலைக்கு உதைத்தாலோ எதிராளியை வீழ்த்தி உடனே அடித்தாலோ 3 (இப்போன்). 8 புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். சீனியருக்கு 3 நிமிடம் என்பது விதி, ஆனால் சின்னப் போட்டிகளில் நேரமில்லை என்று 2 நிமிடம், சில இடங்களில் ஒன்றரை நிமிடம் என்று குறைத்துவிடுவார்கள். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றரை நிமிடத்தில் "பார்த்துப் பார்த்து ஆடலாம்" என்பதற்கு இடமே கிடையாது.

அப்புறம் சென்ஷு. எதிராளி புள்ளி எடுப்பதற்குள் முதல் புள்ளியை நீங்கள் தனியாக எடுத்தால் சென்ஷு உங்களுக்கு. கடைசியில் புள்ளி சமமானால் சென்ஷு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே வெற்றி. ஆனால் கடைசி 15 நொடியில், அதாவது "அதோஷி பராகு" என்று சொன்ன பிறகு, சண்டையைத் தவிர்த்து ஓடினதற்காகத் தண்டனை வாங்கினால் அந்த சென்ஷுவும் போய்விடும். பின்னால் போய்க்கொண்டே இருப்பேன் என்கிறீர்களே, அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பாயைத் தாண்டி வெளியே கால் வைத்தால் அதுவும் தண்டனைதான் (ஜோகாய்).

இருக்கிற நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டே இரண்டு விஷயம். ஒன்று நீங்கள் முந்திக்கொண்டு அடிப்பது: கிஸாமி ஸுகி (முன்கைக் குத்து), அதன் பின்னாலேயே கியாகு ஸுகி (பின்கைக் குத்து). இன்னொன்று அவர் உள்ளே வரும்போது அடிப்பது: வயிற்றுக்கு ஒரு கியாகு ஸுகி, அடித்த கையோடு பக்கவாட்டில் நகர்ந்துவிடுவது. ஒவ்வொரு கிளாஸிலும் யாரையாவது பிடித்து "என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டே வா" என்று கேட்டு இந்த இரண்டாவதை மட்டும் செய்யுங்கள். உறைந்துபோவது கோழைத்தனம் அல்ல. அந்த நொடியில் என்ன செய்வது என்று உடம்பிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு பதில் இருந்தால் போதும். நான்கைந்து பதில் இருந்தால் எதை எடுப்பது என்று யோசித்தே அடி வாங்குவீர்கள்.

தராசுமுள்:

எடை பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வேண்டாம். 68க்குக் கீழே ஆடுங்கள்.

ஒன்றரை மாதத்தில் இரண்டு கிலோ என்பது மெதுவாக, சாப்பாட்டைச் சரிசெய்து குறைக்கக்கூடியதுதான், அதில் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் நடப்பது அது இல்லை. கடைசி வாரம் வரை 62.5ல் நிற்கும், அப்புறம் தண்ணீரை நிறுத்துவது, பிளாஸ்டிக் சூட்டில் ஓடுவது, எச்சில் துப்புவது என்று ஆரம்பிப்பார்கள். 1997ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான இடைவெளிக்குள் மூன்று மாணவர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் சூட், சானா (வெப்ப அறை) எல்லாவற்றையும் தடை செய்து, எடை பார்க்கும் நேரத்தையும் ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட்டுக்கு நடந்ததும் தெரியும். 50 கிலோ பிரிவு, ஃபைனல் அன்று காலை 100 கிராம் கூட, தகுதிநீக்கம். முதல் நாள் மூன்று ஆட்டம் ஜெயித்தவர். பயிற்சியாளர், உணவு நிபுணர், மருத்துவர் என்று கூடவே ஆட்கள் இருந்தும், ராத்திரி முழுக்க உழைத்தும் அவருக்கே அந்த 100 கிராம் இறங்கவில்லை. நாம் எல்லாம் வீட்டு பாத்ரூம் மெஷினை நம்பிப் போகிறவர்கள்.

உடம்பில் தண்ணீர் குறைந்தால் முதலில் அடிவாங்குவது உங்கள் வேகம்தான். பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

வெறுங்கை:

கொஞ்சம் கசப்பாக இருக்கும், மன்னிக்கவும். இந்தப் புள்ளிச் சண்டை எல்லாம் தொட்டுப்பிடித்து விளையாட்டுதான். தொட்டதும் நடுவர் "யாமே" (நிறுத்து) என்பார், இருவரும் திரும்பிப் போய் கோட்டில் நிற்பார்கள். இதற்கு ஒன்றரை மாதம் பயிற்சி, எடை, தூக்கமின்மை! நிஜமாக ஒருவன் தாக்கினால் யார் யாமே சொல்வார்கள்? கற்றுக்கொள்ளத்தானே போனீர்கள், மெடலுக்கா? மாஸ்டரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நாலாவது_மூலை:

மேலே வெறுங்கை சொன்னதில் பாதி சரி. புள்ளிச் சண்டை தெருச் சண்டை இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவருடைய சிக்கல் என்ன? அழுத்தம் வந்தால் உறைந்துவிடுகிறார். தெரிந்த முகங்களோடு, தெரிந்த ஹாலில், மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சிக்கல் தீராது. உங்களை விட்டுக்கொடுக்காத, உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருத்தர் எதிரில் நிற்க வேண்டும். காயம் அதிகம் இல்லாமல் அதை அனுபவிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் பல வருடமாக மூலை நடுவராக உட்காருகிறேன். அங்கிருந்து என்ன தெரியும் என்று சொல்கிறேன், யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை.

நான்கு மூலையில் நான்கு பேர். குறைந்தது இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் புள்ளி. அப்படியென்றால் உங்கள் அடி படுவது மட்டும் போதாது, அது தெரிய வேண்டும். மூன்று விஷயத்தில்தான் புதியவர்கள் புள்ளியை இழக்கிறார்கள். அடித்த கையைத் திரும்ப இழுக்காமல் அங்கேயே விட்டுவிடுவது, அது தள்ளியது மாதிரிதான் தெரியும். அடிக்கும்போது தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வது. அடித்துவிட்டு "கிடைச்சுதா?" என்று நடுவரைப் பார்ப்பது. இந்த மூன்றாவது ரொம்ப மோசம், ஏனென்றால் ஸான்ஷின் என்று ஒன்று விதியிலேயே இருக்கிறது. அடித்த பிறகும் கவனம் எதிராளி மேலேயே இருக்க வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பினால் புள்ளி போவதோடு முபோபி என்று எச்சரிக்கையும் வரும். கியாய் (அடிக்கும்போது போடும் கத்தல்) சத்தமாகப் போடுங்கள், கூச்சப்படாதீர்கள். அது மட்டும் புள்ளி வாங்கித்தராது, ஆனால் எங்கள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பும்.

கட்டுப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட், ஆண்கள் 75 கிலோவுக்கு மேல் ஃபைனல். சவூதியின் தாரெக் ஹாமெதி 4-1 முன்னிலை. தலைக்கு ஓர் உதை, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம், உதைத்தவருக்குத் தகுதிநீக்கம், வெள்ளி. அநியாயம் என்று பலர் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை: உதை எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறுத்தத் தெரியவில்லை என்றால் இந்த விளையாட்டில் அது தவறுதான். சீனியருக்கு முகத்தில் லேசாகத் தொடுவது வரை பொறுத்துக்கொள்வோம். தொண்டையில் அதுகூடக் கூடாது.

மாலைவகுப்பு:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. எடை விஷயம் முடிந்தது, 68 தான். மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன், அவர் "நான் எப்ப குறைக்கச் சொன்னேன்" என்றார்!

இன்னும் சில சில்லறைக் கேள்விகள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் தெளிவாகத் தெரியாது, என்ன செய்வது? அன்றைக்கு முழுக்க என்ன நடக்கும்? காலையில் போனால் எப்போது கூப்பிடுவார்கள்? வீட்டில் எல்லோரும் வருகிறோம் என்கிறார்கள், வரச்சொல்லலாமா?

கியாகுஸுகி:

கண்ணாடி கூடாது. மெத்தென்ற கான்டாக்ட் லென்ஸ் போடலாம், அதுவும் உங்கள் சொந்தப் பொறுப்பில். அன்றைக்குத்தான் முதல்முறை போடுவேன் என்று இருக்காதீர்கள், இப்போதிருந்தே கிளாஸுக்குப் போட்டுப் பழகுங்கள். மவுத் கார்டும் அப்படித்தான். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கிற வகை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே ஸ்பாரிங் செய்யுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு மூச்சு முட்டுவது போல இருக்கும். நகம் வெட்டவும். தலைமுடிக்கு உலோகக் கிளிப் கூடாது, ரப்பர் பேண்டுதான். க்ளவுஸ், ஷின் கார்டு, பாதக் காப்பு எல்லாம் சிவப்பிலும் நீலத்திலும் வேண்டும், கிளப்பில் இரவல் கேட்டால் கிடைக்கும். பெண்களுக்கு மார்புக் காப்பு கட்டாயம், அதை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

தரைச்சண்டை:

நான் கராத்தே இல்லை, ஜியு-ஜிட்சு. ஆனால் போட்டி நாள் என்பது எந்தக் கலைக்கும் ஒன்றுதான்: காத்திருப்பு, காத்திருப்பு, திடீரென்று பெயர் கூப்பிடுவார்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எங்களுக்கு எடைகூட ஆட்டத்துக்குச் சற்று முன்னால்தான், கீ எனும் அந்தக் கனமான உடையோடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு தடவை, கூடினால் வீட்டுக்கு. அதனால் எங்களில் கடைசி நிமிடம் தண்ணீரை வற்ற வைக்கிற ஆசாமிகள் குறைவு.

அக்கா, நீங்கள் கவனிக்க வேண்டியது அட்ரினலின். பெயர் கூப்பிட்டதும் நெஞ்சு படபடக்கும், வாய் காயும், கை சில்லிடும். ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் எல்லா பலத்தையும் கொட்டிவிட்டு, அடுத்த அரை நிமிடம் காலைத் தூக்க முடியாமல் நிற்பார்கள். ஸ்டாமினா இல்லாததால் அல்ல, ஒவ்வொரு தசையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சையும் அடக்கிக்கொள்வதால். எங்களுக்கு முன்னங்கை கல் மாதிரி ஆகிவிடும், பிடிக்கவே முடியாது.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து வார்ம்-அப். கையைக் காலை ஆட்டுகிற வார்ம்-அப் இல்லை. கூப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்பு, வியர்வை வந்து மூச்சு நிஜமாகவே வாங்கும் அளவுக்கு ஒரு நிமிடம் முழு வேகத்தில் பேட் அடியுங்கள். அந்த முதல் மூச்சுத்திணறல் பாய்க்கு வெளியிலேயே முடிந்துவிட வேண்டும். பிறகு சட்டை மேல் ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு உடம்பு ஆறாமல் நடந்துகொண்டே இருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வையுங்கள். குமித்தேயில் கியாய் போட்டாலே மூச்சு வெளியே போய்விடும் இல்லையா, அந்த விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இருவர்_அம்மா:

வீட்டில் வரச்சொல்லுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அவர்கள் கேலரியில் உட்காரட்டும், டெக்னிக் சொல்லிக் கத்தக்கூடாது. என் பிள்ளைகள் ஆடும் போட்டிகளில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கோச் ஒன்று சொல்ல அப்பா ஒன்று கத்த, அந்தக் குழந்தை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும். பார்த்த அந்த நொடியில் முகத்தில் ஒரு குத்து.

சாப்பாடு: வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே, கொஞ்சம் குறைவாக, சீக்கிரமாக. அன்றைக்கென்று எனர்ஜி டிரிங்க், புரதப் பவுடர் என்று புதிதாக எதையும் உள்ளே தள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. பெண்கள் சீனியரில் ஆள் குறைவாக வந்தால் இரண்டு எடைப் பிரிவைச் சேர்த்துவிடுவார்கள், பெல்ட் வித்தியாசமும் பார்க்க மாட்டார்கள். எதிரில் கறுப்பு பெல்ட், உங்களைவிடக் கனமாக ஒருத்தர் வந்து நிற்கலாம். வந்தால் அதிர்ச்சியாகாதீர்கள். நியாயமாகப் படவில்லை என்றால் மாஸ்டரிடம் சொல்லி விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு, அதில் வெட்கமில்லை.

தராசுமுள்:

சிவப்பு கேளுங்கள், நீலம் வேண்டாம். சிவப்புக்கு ராசி என்று ஆராய்ச்சியே இருக்கிறது :)

நாலாவது_மூலை:

அந்த ஆராய்ச்சி எனக்கும் தெரியும். 2005ல் நேச்சர் இதழில் ஹில், பார்ட்டன் என்ற இருவர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் சண்டை விளையாட்டுகளில் சிவப்பு அணிந்தவர்கள் சுமார் 55 சதவீதம் ஜெயித்ததாக எழுதினார்கள். 2008ல் ஜெர்மனியில் அதே டேக்வாண்டோ வீடியோவில் கம்ப்யூட்டரில் நிறத்தை மட்டும் மாற்றி நடுவர்களிடம் காட்டியபோது சிவப்புக்கு அதிகப் புள்ளி போட்டார்கள். எங்கள் நடுவர் இனத்துக்கே அவமானம்! பின்னால் பல வருடப் போட்டிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. தவிர, நிறத்தை நீங்கள் கேட்டு வாங்க முடியாது. டிராவில், அதாவது குலுக்கலில், எந்தப் பக்கம் விழுகிறீர்களோ அதுதான்.

முட்டிவலி:

பிசியோதெரபி பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. தலையில் அடிபட்டு, மயக்கம் வராவிட்டாலும், தலைவலி, குமட்டல், மந்தமான பார்வை, "இப்ப என்ன ஸ்கோர்" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அடுத்த ரவுண்டு ஃபைனலாக இருந்தாலும் சரி. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகத்தான் பயிற்சி, ஸ்பாரிங் கடைசியில், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. மவுத் கார்டு பல்லைக் காக்கும். மூளையைக் காக்கும் என்று நம்பி அடி வாங்காதீர்கள்.

வெறுங்கை:

சரி, ஆளாளுக்கு என்மேல் பாய வேண்டாம். நாலாவது_மூலை சொன்ன அந்தத் தெரியாத ஆள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கவலை வேறு. போட்டிக்குப் போக ஆரம்பித்ததும் கிளாஸே போட்டிக்காக மாறிவிடுகிறது. பிடி, கீழே விழுந்தால் எழுவது, கிட்டத்தில் நின்று அடிப்பது எல்லாம் புள்ளி கிடைக்காது என்பதால் காணாமல் போகிறது. மெடல் சுவரில் நிறைய, கராத்தே கொஞ்சம். நான் விட்டுவந்த கிளப் அப்படி ஆனதுதான்.

நாலாவது_மூலை:

அந்தக் கவலை எனக்கும் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது கிளப் நடத்துபவர் சரி செய்ய வேண்டியது. வருடத்தில் ஓரிரு தடவை போட்டிக்குப் போகிறவருக்கு அந்த ஆபத்து இல்லை.

மாலைவகுப்பு:

முடிந்தது! ஞாயிற்றுக்கிழமை போட்டி, இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

இருவர்_அம்மா சொன்னது அப்படியே நடந்தது, இரண்டு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். மொத்தம் ஏழு பேர், முதல் ஆட்டமே பிரவுன் பெல்ட், என்னைவிட உயரம். நடுவர் ஹஜிமே (தொடங்கு) சொன்னதும் நேராக உள்ளே வந்தார், நான் வழக்கம்போலப் பின்னால் போனேன், முகத்துக்கு ஒரு கிஸாமி, 0-1, சென்ஷு அவருக்கு. அடுத்த தடவை அவர் அதே மாதிரி வந்தபோது, நான் யோசித்துச் செய்ததாகச் சொல்லமாட்டேன், கை தானாகப் போய் வயிற்றில் கியாகு. நீலக் கொடி மூன்று, என் பக்கம். அந்த ஒரு புள்ளிக்கு எங்கள் கிளப் பசங்கள் போட்ட சத்தத்தில் மாஸ்டர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவர் ஒன்று, நான் ஒன்று. 2-2ல் நேரம் முடிந்தது. சென்ஷுவால் தோற்றேன்.

அவர் ஃபைனல் போய்விட்டதால் ரெபஷாஜில் (தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்றில்) என்னை மறுபடி கூப்பிட்டார்கள், வெண்கலத்துக்கான ஆட்டம். தரைச்சண்டை தம்பி, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்ததால் உடம்பு ஆறவில்லை. மூச்சும் வாங்கவில்லை, ஆனால் அந்தப் பெண் என்னைவிட ரொம்ப நன்றாக ஆடினார், 1-5. கட்டைவிரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, எலும்பில் ஒன்றுமில்லை என்று பார்த்தாயிற்று.

நாலாவது_மூலை அண்ணா, ஒரு சந்தேகம். இரண்டாவது ஆட்டத்தில் நான் அவருடைய விலாவில் மவாஷி கேரி (பக்கவாட்டிலிருந்து சுற்றி வரும் உதை) உதைத்தேன், நன்றாகவே பட்டது, அவரே பிறகு சொன்னார். ஒரு கொடிகூட எழவில்லை. ஏன்?

நாலாவது_மூலை:

முதல் போட்டியில் பிரவுன் பெல்டோடு 2-2. நல்ல ஆட்டம்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, வீடியோ இருந்தால் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். உதைத்த காலை மடக்கி இழுக்காமல் அப்படியே கீழே போட்டிருப்பீர்கள், அல்லது ரொம்பக் கிட்டே நின்று பாதத்துக்குப் பதிலாகக் கணுக்காலுக்கு மேலே பட்டிருக்கும். எதிராளிக்கு வலிக்கும், எங்களுக்குத் தூரம் சரியில்லை என்று தெரியும். கால் இழுப்பதற்கு மாஸ்டரிடம் சுவர் ஓரமாக நின்று பழகும் பயிற்சி கேளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தூக்கி, உதைத்து, அதே முட்டி உயரத்துக்குத் திரும்ப மடக்கி, அப்புறம்தான் காலை இறக்க வேண்டும். மெதுவாகச் செய்தால் தொடை எரியும். எரியட்டும்.

தரைச்சண்டை:

அக்கா, வீடியோ இருந்தால் இங்கே போடுங்கள். அந்த முதல் கியாகுவைப் பார்க்க வேண்டும்.